சேற்றில் ஓடிய பனிவண்டி

மாமா,

இன்று காலை அம்மா உங்கள் கம்பளித் தொப்பியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். உங்கள் பெண் சில்வி அக்கா தங்குவதற்காக மாடி அறையை ஒழித்தபோது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்ததாம். மத்தியானம் துணி எடுக்கப் போனவள் அதைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சோப்புப் போட்டு அலசியும் பெட்ரோல் வாசனை போகவில்லை. பெட்ரோலும் ஆயிலும் கலந்த வாசனை, அதற்குள்ளே கொஞ்சம் நீங்கள் தலைக்குத் தடவும் எண்ணெய். புதுச்சேரி வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சைக்கிளில் போன ஒரே ஆள் நீங்கள்தான். முதலியார்பேட்டைப் பையன்கள் பின்னாலேயே ஓடி வந்து, "தாத்தா, ஐஸ் விக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். நீங்கள் தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு வணக்கம் வைப்பீர்கள்.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள் என்று அடுப்படியில் சுவர் ஓரமாக உட்கார்ந்து அப்பாவின் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது மாமா. விடிந்ததும் நான் சில்வி அக்காவை நோணாங்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் வண்டியைக் காட்டப் போகிறேன். அம்மாவுக்கு இது தெரியாது. அக்காவிடம் வண்டி பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விடிந்தால் அம்மா முன்னால் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் பேசினால் தேவலை என்று தோன்றியது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம் நீங்கள் பிரான்ஸிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டீர்கள். அதற்கு முன் எனக்கு நீங்கள் போனில் வரும் குரல் மட்டும்தான். தெருவில் மற்ற வீடுகளுக்கு பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். நீங்கள் பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்க ஸ்பானர். அப்பா சேதராப்பட்டில் ஷிப்டு முடிந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, "எங்க மச்சான் எனக்குன்னு சாக்லேட்ட இரும்புலயே வாங்கியாந்திருக்காரு. கரையாது பாரு" என்றார். நீங்கள் சிரித்துக்கொண்டே ஒரு ஸ்பானரை அவரிடம் நீட்டினீர்கள். அது இன்னும் எங்கள் வீட்டில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது.

பனிவண்டிக் கதையை முதலில் எப்போது சொன்னீர்கள் என்று நினைவில்லை. நீங்கள் வேலை பார்த்த மலை ஊரில் குளிர்காலம் வந்தால் சாலையே காணாமல் போய்விடும் என்றும், ஜன்னல் பாதி வரை பனி ஏறிவிடும் என்றும் சொன்னீர்கள். "மார்கழிப் பனி மாதிரியா மாமா?" என்று நான் கேட்டேன். "அது பனியா? அது மூச்சுவுட்ட ஈரம். இது அரிசி மாவு மாதிரி. வானத்துலேர்ந்து மூட்ட மூட்டயா கொட்டும்" என்றீர்கள். நீங்கள் வண்டிகள் ரிப்பேர் பார்த்த கராஜில் கிடந்த ஒரு பழைய எஞ்சினை எடுத்து, மரத்தில் நீங்களே செதுக்கிய எலிஸைப் பின்னால் மாட்டி, சக்கரத்துக்குப் பதில் மூன்று சறுக்குக் கட்டைகள் வைத்து ஒரு வண்டி செய்ததாகச் சொன்னீர்கள். எலிஸ் என்றால் விமானத்துக் காற்றாடி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டு மின்விசிறியைக்கூட நான் எலிஸ் என்றுதான் சொன்னேன்.

"பிரேக்கு?" என்று அப்பா கேட்டார்.

"எதுக்கு மாப்ள பிரேக்கு? எஞ்சின அணச்சா நிக்கும்."

"நிக்கலன்னா?"

"எறங்கிடணும்."

அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் குளிரில் கேமரா வேலை செய்யவில்லை என்றீர்கள். அப்பா மறுபடியும் சிரித்தார். அன்றிலிருந்து உங்கள் பெயர் ஏரோப்ளேன் மச்சான் ஆனது. அம்மாவும் நம்பவில்லை. "அண்ணே, சின்னப் பொண்ணுகிட்ட பீலா வுடாத. நாளைக்கி இஸ்கூல்ல போயி சொல்லிட்டு அடி வாங்கும்" என்பாள். நான் போய்ச் சொன்னேன். அடி வாங்கவில்லை, ஆனால் வகுப்பே ஒரு வாரம் என்னைப் பார்த்து விர்ர்ரென்று கத்தியது. இருந்தாலும் நான் நம்பினேன் மாமா. ஏன் என்றால், நீங்கள் மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் அந்த வண்டியை அது இருந்த அளவுக்கே வரைந்து காட்டினீர்கள். எந்த ஆணி எங்கே என்று யோசிக்காமல் வரைந்தீர்கள். பொய் சொல்கிறவருக்கு ஆணி எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்?

அந்தக் கோட்டுக்குள் என்னை முன்னால் உட்காரச் சொன்னீர்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்தீர்கள். "இங்கதான் எங்க சில்வி உக்காருவா. நான் பின்னாடி. எனக்கு அவ மூஞ்சி தெரியாது, குல்லா மட்டும்தான் தெரியும். எஞ்சின் போடற கூச்சல்ல ஒண்ணும் கேக்காது. தோளு மட்டும் அப்பிடி குலுங்குது. சிரிச்சாளா அழுதாளான்னு இன்னிக்கு வரிக்கும் எனக்குத் தெரியல பெத்தீத். சிரிச்சான்னே வச்சிக்குவோம்" என்றீர்கள். பெத்தீத் என்றால் சின்னவளே என்று அர்த்தம் என்று சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு குளிர்காலம்தான் சில்வி அக்கா உங்களோடு இருந்தாள் என்பதும், அதற்குப் பிறகு அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்பதும் எனக்குப் பிறகுதான் அம்மா சொல்லித் தெரிந்தது. நீங்கள் சொன்னதே இல்லை. உங்கள் கதைகளில் அக்காவுக்கு எப்போதும் நாலு வயதுதான்.

அந்த ஐப்பசியில் மழை வந்து சாக்பீஸ் வண்டியை அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நீங்கள், "வா, நெஜமாவே செஞ்சிடுவோம்" என்றீர்கள்.

பனி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். நோணாங்குப்பத்தில் ஆற்றுக் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும்போது தெரியும் சேற்றைக் காட்டினீர்கள். வழுக்குகிறது, கால் வைத்தால் புதைகிறது, சக்கரம் ஓடாது. பனிக்கு இதைவிட என்ன வேண்டும் என்றீர்கள். அங்கே படகு வைத்திருக்கும் கன்னியப்பன் அண்ணன் தன் கொட்டகையில் இடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தினமும் கேலி செய்தார். "மாமா, இது மட்டும் ஒரு அடி நவுந்திச்சின்னு வையி, வீராம்பட்டினத்து அம்மனுக்கு நான் மொட்ட போடறேன்" என்றார்.

முதல் நாள் பூஜை போட்டதோடு சரி, வண்டி நகரவில்லை. அந்த நாளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அடுத்த தடவை நகர்ந்தது, ஆனால் கீழே. நீங்கள் பனிக்குச் செய்ததுபோலவே குறுகலான சறுக்குக் கட்டைகள் வைத்திருந்தீர்கள். எஞ்சின் கத்தக் கத்தக் கட்டைகள் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போயின. காலை முழுவதும் மண்வெட்டியால் தோண்டி எடுத்தோம். உங்கள் மூக்குக் கண்ணாடிமேல் சேறு, தொப்பிமேல் சேறு. "பனிதான்டா இது. கொஞ்சம் கலருதான் வேற" என்றீர்கள். பிறகு உடைந்த ஃபைபர் படகு ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து வண்டிக்கு வயிறாக மாட்டினீர்கள். அது சேற்றின்மேல் நின்றது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தீர்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது கொட்டகை சின்னதாகத் தெரிந்தது.

மறுவாரம் கன்னியப்பன் அண்ணன் தலையில் முடி இல்லை. சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றார். நீங்கள் உங்கள் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தீர்கள்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருப்போம் என்று நான் எண்ணவில்லை. சுற்றுலாப் படகுகள் கிளம்புவதற்கு முன்னால் போவோம். எனக்கு அந்தச் சத்தத்துக்குக் கடைசி வரை பயம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் இனிமேல் வரமாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த ஞாயிறு உங்களுக்கு முன்னால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன். சேறு எங்கள் முன்னால் பளபளவென்று விரிந்து கிடக்கும். கொக்குகள் எழுந்து பறந்து, நாங்கள் போனதும் அதே இடத்தில் வந்து உட்காரும். வண்டி நின்ற பிறகு எல்லாம் ரொம்ப அமைதியாகிவிடும். நண்டு வளைகளில் சேறு பொட் பொட்டென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். நீங்கள் அக்கரைத் தென்னைமரங்களைப் பார்த்துக்கொண்டு, "நெய்ழ்ல இப்பிடித்தான் இருக்கும்" என்பீர்கள். பனிக்கு பிரெஞ்சில் அதுதான் பெயர் என்று எனக்குத் தெரியும். எது இப்படி இருக்கும் என்று நான் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு ஆஸ்பத்திரி. பிறகு நீங்கள் இல்லை. சில்வி அக்கா கிளம்பிவிட்டாள், ஆனால் அங்கே பனி கொட்டி விமானமெல்லாம் நின்றுவிட்டதாம். அப்பா போனை வைத்துவிட்டு, "பனியாம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் ஏரோப்ளேன் மச்சான் என்று சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

அந்த அக்காதான் இப்போது வந்திருக்கிறாள். நாளை ராத்திரி சென்னையிலிருந்து அவளுக்கு விமானம். உங்கள் மூக்கு அப்படியே இருக்கிறது அவளுக்கு. அத்தை சொல்லிக்கொடுத்த தமிழ் பேசுகிறாள். அவள் வருவதற்கு முந்தின நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த வண்டிப் பேச்ச அவகிட்ட எடுத்தேன்னா பாத்துக்கோ" என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் துடைப்பத்தைக் காட்டினாள். ஆனால் அப்பாவிடம் அவள் பேசியதை நான் கேட்டேன்.

"வயசான மனுசன சேத்துல ஆடவுட்டுட்டீங்களே அத்தென்னு அந்தப் பொண்ணு கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? ஈரம் பட்டுதான அவருக்கு நெஞ்சு கட்டிகிச்சி. நான் தடுத்திருக்கணும். கூடப் பொறந்தவ நானு."

"அதெல்லாம் இல்லடி" என்றார் அப்பா.

"உனக்குத் தெரியுமா?"

அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்கள் சாவுக்கு எல்லாரும் அழுதபோது அம்மா மட்டும் ஏன் அழாமல் சமையல்கட்டிலேயே நின்றாள் என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்தது.

அம்மா அக்காவிடம் உங்கள் பெயரில் வேறு ஒரு அண்ணனைப் பற்றிச் சொன்னாள். காலையில் பேப்பர் படிப்பாராம், ஞாயிறு ஓய்வெடுப்பாராம், சாயங்காலம் தவறாமல் பீச்சில் நடப்பாராம். நான் தலையைக் குனிந்து இட்லி தின்றேன். இன்று சாயங்காலம், "அக்காவ பீச்சுக்குக் கூட்டிகிட்டுப் போ. மாமா நடந்த எடம், உக்காந்த எடம் எல்லாம் காட்டு" என்று சொல்லி அனுப்பினாள். சொல்லும்போது என் கண்ணையே பார்த்தாள்.

பீச் ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். பலூன்காரரைத் தாண்டி, சுண்டல் வாங்கிக்கொண்டு நடந்தோம். அக்கா திடீரென்று, "அப்பா எங்கெ உக்காருவாரு?" என்று கேட்டாள். நான் கடலோரக் கட்டைச்சுவரில் ஏதோ ஒரு இடத்தைக் காட்டினேன். அவள் போய் அங்கே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பக்கத்துக் கல்லை உள்ளங்கையால் தடவினாள். சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தடவினாள்.

அதை என்னால் பார்க்க முடியவில்லை மாமா.

"இங்க இல்லக்கா" என்றேன்.

"அப்ப எங்கெ? அந்தப் பக்கமா?"

"இங்க எங்கியுமே இல்ல. மாமா பீச்சுக்கு வந்ததே இல்ல. நோணாங்குப்பத்துல சேத்துல இருப்பாரு."

"சேத்துலெயா? சேத்துல என்னா பண்ணாரு?"

"வண்டி ஓட்டுனாரு. அங்க பனியில ஓட்டுனாரே, அந்த மாதிரி. நீங்ககூட அதுல உக்காந்திருக்கீங்களே."

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "உனக்கும் அந்தக் கதெதானா? போன் பண்ணாருன்னா இதான். சிரிச்சியா அழுதியான்னு கேப்பாரு. எனக்கு அப்பிடி ஒரு வண்டியே நெனவு இல்லெ. அம்மாவ கேட்டா, அந்த ஊர் பேச்செ எடுக்காதேன்னு சொல்லும். அவரு பாவம், தனியா இருந்தாரு, கதெ கட்டிகிட்டாருன்னு நான் வுட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. வகுப்பில் எல்லாரும் விர்ர்ரென்று கத்தியபோதுகூட இப்படி இல்லை. அந்த வண்டியில் உட்கார்ந்தவளே இல்லை என்கிறாள். நான் உளறிக்கொட்ட ஆரம்பித்தேன். சாக்பீஸ், கன்னியப்பன் அண்ணன் மொட்டை, ஃபைபர் வயிறு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதில்தான் பூஜை போட்ட நாளையும் சொன்னேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். புது வண்டி என்றால் மாலை போடாமல், எலுமிச்சம்பழம் வைக்காமல் எடுக்கவே கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். சம்பங்கியும் சாமந்தியும் கலந்த பெரிய மாலை வாங்கிக்கொண்டு அவளே நோணாங்குப்பத்துக்கு வந்தாள். கார் என்றால் முன்னால் போடலாம், இந்த வண்டிக்கு முகம் எது? யோசித்துப் பார்த்துவிட்டு எலிஸின்மேல் கட்டிவிட்டாள். அப்போது எலிஸைச் சுற்றிக் கூண்டு இன்னும் மாட்டவில்லை. நீங்கள் தடுக்கவில்லை. "நல்லா இறுக்கிக் கட்டும்மா" என்றீர்கள். கற்பூரம் காட்டி முடித்து எல்லாரும் வண்டிக்குப் பின்னால் கைகூப்பி நின்றோம். நீங்கள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் மட்டும், "பெத்தீத், கண்ண மூடாத" என்றீர்கள். அடுத்த நொடி மாலை பிய்ந்து எல்லார்மேலும் அடித்தது. வெள்ளையும் மஞ்சளுமாக வானம் முழுக்க இதழ். அம்மா தலை, கன்னியப்பன் அண்ணன் மீசை, சேறு, தண்ணீர் எல்லாவற்றின்மேலும் விழுந்தது. வாழைநார் எலிஸில் சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றுபோனது. கரையில் நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. அதன் பிறகு அவள் அந்த வண்டியைப் பார்க்க வரவே இல்லை.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாலெ எதுல கட்டுனாங்க?"

"எலிஸ்லக்கா."

அவள் எலிஸ் என்று தனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த மலை ஊர்ப் பனியைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு நினைவு உண்டாம். வெள்ளைத் தரை முழுக்க மஞ்சள் காகிதத் துண்டுகள். அவள் அம்மா அழுதுகொண்டே கத்துகிறாள். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு எதையோ கிழித்து எறிந்தார்கள் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள். அதற்குக் கொஞ்ச நாளில் அந்த ஊரைவிட்டுப் போனதால், அந்தக் காகிதத்தோடுதான் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கிறாள்.

"எங்கம்மா பேப்பர்ல சாமந்திப் பூ செய்யும்" என்றாள். "அந்த ஊர்ல குளிருக்கு ஏது பூவு? நல்ல நாள்னா பேப்பர்ல மாலெ கட்டும். இப்பவும் கட்டும். அது மாலெ. அது வண்டிக்குப் போட்ட மாலெ." சொல்லிவிட்டு பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். திருப்பித் திருப்பி அதையே சொன்னாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது மாமா. அம்மா மாலையைக் கட்டியபோது என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை நடந்ததுதான். இறுக்கிக் கட்டச் சொன்னது, கண்ணை மூடாதே என்றது எல்லாம் தெரிந்துதான். உங்கள் கதைகளில் நீங்கள் ஒரு ஆணியைக்கூட விடவில்லை, இதை மட்டும் விட்டுவிட்டீர்கள். அத்தை உட்கார்ந்து உட்கார்ந்து செய்த பூ என்பதால்தானா? கேட்க இப்போது நீங்கள் இல்லை. இன்னொரு முறை அதைப் பார்க்க ஆசைப்பட்டீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப நான் அதுல உக்காந்திருந்தேனா?" என்று கேட்டாள்.

"முன்னாடி."

"அழுதேனா?"

அதற்குத்தான் நான் அந்தக் கடைசி ஞாயிற்றைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அம்மாவுக்கு அது தெரியாது. கன்னியப்பன் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்களுக்குக் கயிறு இழுக்க மூச்சு இல்லை. அவர் இழுத்துக் கொடுத்தார். "நீ ஓட்டுடி" என்று நீங்கள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் பின்னால். மெதுவாகத்தான் ஓட்டினேன். என் கண்ணுக்கு உங்கள் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, "சிரிச்சீங்களா மாமா, இருமினீங்களா?" என்று கேட்டேன்.

நீங்கள் மூச்சை வாங்கிக்கொண்டு, "ரெண்டுந்தான்டி. முன்னாடி உக்காந்திருக்கறவனுக்கே பிரிச்சிச் சொல்லத் தெரியல" என்றீர்கள். பிறகு, "பாவம் அந்தப் பொண்ணு. எத்தினி வாட்டி கேட்டு உசுர வாங்கியிருப்பேன்" என்றீர்கள்.

இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சுண்டல் ஆறிப்போனது. பிறகு, "அதுல எத்தினி பேரு உக்காரலாம்?" என்று கேட்டாள்.

காலையிலேயே போகலாம் என்றாள். என் அம்மாவிடம் தானே சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று கேட்டாள். அம்மா அப்பாவிடம் பேசியதைச் சொன்னேன். சேற்று ஈரம், கட்டிக்கொண்ட நெஞ்சு, தடுத்திருக்கணும் என்றது, எல்லாம்.

அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "சேறா? யாரு சொன்னா? ஆஸ்பத்திரி டாக்டருகிட்ட நானே போன்ல பேசுனேன். அப்பாவுக்கு அங்கெயே நெஞ்சு கெட்டுப் போயிருந்திச்சி. வருஷக் கணக்கா கராஜ் புகெ. அதனாலதானே வேலெய வுட்டுட்டு இங்கெ வந்தாரு. அத்தெகிட்ட அவரு சொல்லலெயா?"

நீங்கள் சொல்லவில்லை மாமா. யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சி வருத்தப்படுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் சொல்லாததால் அம்மா இத்தனை நாளும் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்த ஒரே நேரம் அதுதான். பீச் ரோட்டிலிருந்து வீடு வரும்வரை கோபமாகவே நடந்தேன்.

ஆகவே அக்கா சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது தைரியமாக இருந்தது. இப்போது இல்லை. வண்டிப் பேச்சை எடுத்ததற்கு அம்மா திட்டுவாள். உங்களை முன்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன் என்றால் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. நீங்கள் கேட்டீர்கள், ஓட்டினேன். அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? திட்டட்டும். கடைசியில் கராஜ் புகையைச் சொல்லும்வரை நான் நிறுத்தாமல் பேச வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகாவது அவள் அழுதுவிட்டால் நன்றாக இருக்கும். வருகிறாளா என்றும் கேட்கப் போகிறேன். கொஞ்சம் நெருக்கினால் மூன்று பேர் உட்காரலாம்.

உங்கள் ஸ்பானர்களையெல்லாம் அப்பா எடுத்துக்கொண்டார். எனக்கு என்று உங்களிடமிருந்து வந்தது ஒன்றும் கையில் எடுத்துக் காட்டுகிற மாதிரி இல்லை. கயிற்றை இழுத்ததும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கும். நடுங்கிக்கொண்டேதான் கைப்பிடியைப் பிடிப்பேன். வண்டி போகும். பயம் போன பிறகு ஓட்டலாம் என்று நீங்கள் என்னை ஒரு நாளும் காத்திருக்கச் சொன்னதில்லை. அது என்னிடம் இருக்கிறது.

கூடத்தில் அம்மா பாயைச் சுருட்டுகிறாள். வளையல் சத்தம் கேட்கிறது. இந்தப் பக்கம்தான் வருகிறாள். இருட்டில் உட்கார்ந்து என்னடி பண்ணுகிறாய் என்று கேட்பாள். மாமாவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்வேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.